மருந்துப் பையும் சங்க ரசீதும்

ஆயிரம் பேர் ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும் ஆலையில் சங்கம் பிறப்பது பெரிய அதிசயமல்ல. சங்கு ஊதியதும் எல்லோரும் ஒரே வாசல் வழியே வெளியே வருகிறார்கள். ஒரே டீக்கடையில் நிற்கிறார்கள். ஒருவனுக்கு நேர்ந்த அநியாயம் அடுத்தவன் காதில் விழ அரை நாழிகைகூட ஆவதில்லை. ஆனால் காலையில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தன்னந்தனியாகப் புறப்பட்டு, ஊர் ஊராகச் சுற்றி, இரவு ஏதோ ஒரு லாட்ஜில் தலைசாய்த்து, தன் முதலாளியின் முகத்தை வருஷத்துக்கு ஒருமுறை மாநாட்டு மண்டபத்தில் மட்டுமே பார்க்கிற விற்பனைப் பிரதிநிதிக்குச் சங்கம் எப்படி வாய்க்கும்? பக்கத்தில் நிற்பவனும் தன் கம்பெனிக்காரன் அல்லன். தன் சரக்கை வீழ்த்துவதற்கென்றே சம்பளம் வாங்குகிற போட்டிக் கம்பெனிக்காரன் அல்லவா? இந்தக் கேள்விக்கு என் உத்தியோக காலம் முழுவதும் கண்ணெதிரே விடை வளர்ந்துகொண்டிருந்தது. மருந்துக் கம்பெனிகளின் விற்பனைப் பிரதிநிதிகள் இந்த நாட்டில் ஒன்றுகூடி, தங்களுக்கென ஒரு சம்மேளனத்தையும் ஒரு சட்டத்தையும் பெற்ற வரலாறே அந்த விடை. அதில் ஒரு சிறு பங்கு எனக்கும் வாய்த்ததால், நினைவு தெளிவாக இருக்கும்போதே அதை எழுதி வைப்பது கடமை என்று கருதுகிறேன்.

1968-ஆம் ஆண்டில், ரசாயனம் படித்து பி.எஸ்ஸி. பட்டம் பெற்று, இரண்டொரு ஆபீஸ்களில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த சமயத்தில், பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு மருந்துக் கம்பெனியில் பிரதிநிதியாக எனக்கு உத்தியோகம் கிடைத்தது. திருச்சிராப்பள்ளி என் ஹெட்குவார்ட்டர்ஸ். கரூர், குளித்தலை, முசிறி, துறையூர், பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், மணப்பாறை, புதுக்கோட்டை ஆகிய ஊர்கள் என் பிரயாண எல்லை. வெள்ளைச் சட்டையும் டையும் மெருகேற்றிய தோல் பையுமாக நான் வீட்டை விட்டு இறங்கியபோது, எங்கள் தெருவில் இருந்தவர்கள் எனக்கு ஏதோ பெரிய ஆபீசர் உத்தியோகம் கிடைத்துவிட்டதாகவே நினைத்தார்கள். கம்பெனிகளும் எங்களை அப்படியே நினைக்கச் சொல்லின. பிரதிநிதி என்பவன் கம்பெனியின் தூதன், நிர்வாகத்தின் ஓர் அங்கம், அவனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் சம்பந்தமில்லை என்று பயிற்சி வகுப்பில் போதித்தார்கள். அந்த டைக்குள் இருந்தவனுக்கு எத்தனை நாள் லீவு உண்டு, நோய் வந்தால் சம்பளம் உண்டா, நாளைக்கு வேலை இருக்குமா என்ற கேள்விகளுக்கு மட்டும் அந்த வகுப்பில் பதில் இல்லை.

வேலையின் தன்மையைக் கொஞ்சம் விவரித்தால்தான் பின்னால் வரும் விஷயங்கள் விளங்கும். காலையில் அரசாங்க ஆஸ்பத்திரி. பகலில் மெடிக்கல் ஷாப்புகளும் ஸ்டாக்கிஸ்ட்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் புத்தூரிலும் தில்லை நகரிலும் இருந்த டாக்டர்களின் கிளினிக்குகள். நோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகே பிரதிநிதிகளை உள்ளே அழைக்கும் டாக்டர்கள் பலர் இருந்தார்கள். ஒன்பதரை மணிக்கு அழைப்பு வந்தாலும் சிரித்த முகத்தோடுதான் உள்ளே போக வேண்டும். அங்கே எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு மூன்று நிமிஷம். மருந்தைப் பற்றிய லிட்டரேச்சரை டாக்டர் படிக்க வசதியாக அவர் பக்கம் திருப்பிப் பிடித்து, நாம் எழுத்துக்களைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டே, பேனா முனையால் வரி வரியாகச் சுட்டிக்காட்டி, மனப்பாடம் செய்ததை மனப்பாடம் என்று தோன்றாதபடி சொல்ல வேண்டும். டீடெயிலிங் என்று அதற்குப் பெயர். முடிந்ததும் மேஜையின் மேல் சாம்பிளை வைத்துவிட்டு வணங்கி விடைபெறுவோம். டாக்டர் அடுத்த நாள் எழுதும் மருந்துச் சீட்டில் எங்கள் மருந்தின் பெயர் வருமா என்பது எங்கள் கையில் இல்லை. ஆனால் வராவிட்டால் அதற்குச் சமாதானம் எழுத வேண்டியவர்கள் நாங்களே.

அதற்கும் மேலே எழுத்து வேலை இருந்தது. இரவு சாப்பாடு முடிந்ததும் லாட்ஜ் அறையின் மங்கலான விளக்கில் கார்பன் தாள் வைத்து டெய்லி ரிப்போர்ட் எழுதுவோம்: எந்த டாக்டரைப் பார்த்தோம், என்ன மருந்து சொன்னோம், எத்தனை சாம்பிள் கொடுத்தோம், அவர் என்ன சொன்னார், போட்டிக் கம்பெனி என்ன செய்கிறது, எந்தக் கடையில் எவ்வளவு சரக்கு. உள்ளூரில் இருக்கும் நாட்களில் அந்த உறையை எடுத்துக்கொண்டு ஜங்ஷன் ஆர்.எம்.எஸ். தபால் பெட்டியில் போடச் சைக்கிளில் போவோம்; இரவு ரயிலைப் பிடித்தால் ஒரு நாள் முன்னதாகப் பம்பாய் போய்ச் சேரும் என்று கணக்கு. ரிப்போர்ட் ஒருநாள் தாமதமானால் ஏரியா மானேஜரிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஞாயிற்றுக்கிழமையென்றும் பண்டிகையென்றும் அந்த ரிப்போர்ட்டுக்குத் தெரியாது.

கிளினிக் வாசலில் ஒரு நீண்ட மர பெஞ்சு உண்டு. எங்கள் சங்கம் பிறந்த இடம் அதுதான் என்று சொல்வேன். உள்ளே ஒருவனை ஒருவன் வெல்லத் துடிக்கிற ஏழெட்டுப் பேர் அந்தப் பெஞ்சியில் தினந்தோறும் மணிக்கணக்கில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்போம். யாருக்குச் சம்பளம் வரவில்லை, யாரை எந்த மூலைக்கு மாற்றினார்கள், எந்தக் கம்பெனியில் டார்கெட்டை ஏற்றிவிட்டார்கள், எவனுடைய பஸ் சார்ஜ் பில்லை வெட்டினார்கள் என்ற செய்திகள் எல்லாம் அங்கேதான் கைமாறும். டாக்டர் கதவைத் திறந்ததும் பேச்சு நின்றுவிடும். அவரவர் தம் பையை எடுத்துக்கொள்வோம்.

அந்தப் பெஞ்சியில் தினமும் கடைசி ஓரமாக உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்ளும் ஒரு பெரியவர் இருந்தார். வேறொரு கம்பெனியின் பிரதிநிதி. எங்கள் மருந்துக்கு நேர்ப்போட்டியான மருந்து அவர் பையில் இருந்தது. நான் சேர்ந்த சில மாதங்களுக்குப் பிறகு ஒரு மாலையில் அவர் தம் பையின் உள்ளறையிலிருந்து ஒரு ரசீதுப் புத்தகத்தை எடுத்து, "தம்பி, சங்கத்திலே சேர்ந்துட்டீங்களா?" என்று கேட்டார். நான் தயங்கினேன். "போட்டிக் கம்பெனிக்காரர் நீங்க, உங்களோடு எப்படி சார்?" என்று என் வாயிலிருந்து வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "டாக்டர் ரூமுக்குள்ளே நீங்களும் நானும் போட்டிதான், அதிலே நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், நீங்களும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வெளியிலே இந்தப் பெஞ்சிலே நமக்கு ஒரே கஷ்டம்தானே, தம்பி?" என்றார். சந்தாவைக் கொடுத்து ரசீதை வாங்கிக்கொண்டேன். என் பெயரை அவர் நிதானமாக, எழுத்துப் பிழையில்லாமல், முழு இனிஷியல்களோடு எழுதியதும், மையை ஊதிக் காயவைத்துக் கிழித்துக் கொடுத்ததும் இன்றும் கண்முன் நிற்கின்றன.

அவர் வாய்மொழியாகத்தான் சங்கத்தின் பூர்வ சரித்திரம் எனக்குத் தெரிய வந்தது. தேசம் சுதந்திரம் அடைந்த பிறகு, ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் யுகம் தொடங்கி, கம்பெனிகள் பெருகி, ஒவ்வொரு ஜில்லாத் தலைநகருக்கும் ஒரு பிரதிநிதி என்ற நிலை ஏற்பட்டபோது, கல்கத்தாவிலும் பாட்னாவிலும் சென்னையிலும் இன்னும் பல நகரங்களிலும் பிரதிநிதிகள் தனித்தனியே சிறு சிறு சங்கங்களாகக் கூடத் தொடங்கினார்கள். ஒரே கம்பெனி தேசம் முழுவதும் வியாபாரம் செய்யும்போது ஒரு ராஜ்யத்துச் சங்கம் மட்டும் அதன் வாசலில் நின்று பயனில்லை என்பதை அவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அதன் பயனாக 1963-ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் கூடி, இந்திய மருந்து, விற்பனைப் பிரதிநிதிகள் சங்கங்களின் சம்மேளனத்தை நிறுவினார்கள். ஆங்கில எழுத்துக்களால் எஃப்.எம்.ஆர்.ஏ.ஐ. என்று இந்நாள்வரை வழங்கிவரும் ஸ்தாபனம் அதுவே. எந்தக் கம்பெனிக்காரன் என்ற பேதமின்றித் தொழிலால் ஒன்றுபட்ட பிரதிநிதிகள் அனைவருக்கும் இடம் கொடுத்ததே அதன் விசேஷம்.

ஆனால் சம்மேளனம் பிறந்தபோதே அதன் வழியில் ஒரு பெரும் பாறை கிடந்தது. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம் தொழிலாளிக்குக் கொடுத்த பாதுகாப்பை, அதாவது காரணமின்றி வேலை நீக்கினால் சமரச அதிகாரியிடமும் தொழில் நியாயஸ்தலத்திடமும் போய் நியாயம் கேட்கும் உரிமையை, விற்பனைப் பிரதிநிதி பெற முடியுமா என்ற கேள்வி மே அண்டு பேக்கர் கம்பெனி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தது. பிரதிநிதியின் பிரதானமான வேலை ஆர்டர் பிடிப்பதும் விற்பனையைப் பெருக்குவதுமே. அவன் எழுதும் ரிப்போர்ட்டும் சுமக்கும் பையும் அந்த வேலைக்குத் துணையானவை மட்டுமே. ஆகவே அவன் உடலுழைப்பு வேலையோ எழுத்து வேலையோ செய்கிறவனாகக் கருதப்பட முடியாது, சட்டம் கூறும் தொழிலாளியும் அல்லன் என்று 1961-ல் தீர்ப்பாயிற்று. நாள் முழுதும் பை சுமந்து, இரவெல்லாம் எழுதுகிறவர்களாகிய எங்களுக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய இடியாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆலைத் தொழிலாளியின் பாதுகாப்பும் இல்லை. அதிகாரியின் அதிகாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு திரிசங்கு சொர்க்கத்தில் எங்களை நிறுத்திவிட்டார்கள்.

அந்த நிலையின் கொடுமையை நான் நேரில் கண்டது, சேர்ந்த இரண்டாம் வருஷத்தில். எங்கள் பெஞ்சியில் உட்காரும் ஓர் இளைஞர், மணமாகி ஒரு குழந்தைக்குத் தகப்பனார், அரியலூர்ச் சுற்றுப் பிரயாணத்தில் லாட்ஜிலேயே டைபாய்டு ஜுரத்தில் விழுந்தார். லாட்ஜ் பையன் கொடுத்த தகவலின்மேல் அங்கே போய் அவரை அழைத்து வந்தவர்கள் வேறு கம்பெனிகளின் பிரதிநிதிகள். நாங்கள் தினமும் மருந்து சொல்லிவந்த டாக்டர்களில் ஒருவர் கட்டணமில்லாமல் சிகிச்சை செய்தார். ஜுரம் இறங்கி அவர் எழுந்து உட்கார்ந்த வாரத்தில், அவருடைய கம்பெனியிலிருந்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. தங்கள் சேவை இனித் தேவைப்படவில்லை என்று நாலே வரி. அதனுடன் ஒரு மாதச் சம்பளத்துக்குக் காசோலை. பல வாரங்களாக ரிப்போர்ட் வராததும் விற்பனை குறைந்ததுமே குற்றம்.

பெரியவர் என்னையும் அழைத்துக்கொண்டு தொழிலாளர் அதிகாரியைப் பார்க்கச் சென்றார். அந்த அதிகாரி நல்ல மனிதர். கடிதத்தை இரண்டு முறை படித்தார். டாக்டரின் சர்டிபிகேட்டையும் பார்த்தார். பிறகு கடிதத்தை மேஜையின் மேல் வைத்துவிட்டு, "சார், நீங்க சொல்றது நூற்றுக்கு நூறு நியாயம். ஆனா நீங்க தொழிலாளியே இல்லைன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சே. நான் எந்த செக்ஷன்லே கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்புவேன்?" என்று கேட்டார். பெரியவரிடம் அதற்குப் பதில் இல்லை. எங்கள் கடிதத்தை அதிகாரி பெற்றுக்கொண்டதற்கு மட்டும் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டார். "இந்த மாதிரி ஒவ்வொரு கேஸையும் எழுதி வைக்கணும், தம்பி. சட்டம் பண்றவங்க ஒருநாள் கேட்பாங்க, அப்போ நம்ம கையிலே காகிதம் இருக்கணும்" என்று படியிறங்கும்போது சொன்னார். அந்த இளைஞருக்குச் சங்கத்தார் தங்களுக்குள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு ஸ்டாக்கிஸ்ட்டின் சிபாரிசினால் வேறொரு கம்பெனியில் அவருக்கு இடம் கிடைத்தது. கம்பெனியை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்படிப்பட்ட காகிதங்களைச் சேர்ப்பதே அந்த வருஷங்களில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளின் பணியாக இருந்தது. ஒரு மெடிக்கல் ஷாப்பின் மாடியில் கூடுவோம். ஒருவர் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவார். ஒருவர் டைப் அடிப்பார். மாற்றல், வேலை நீக்கம், வெட்டப்பட்ட பில், மறுக்கப்பட்ட லீவு என்று வகைப்படுத்திச் சென்னைக்கும் அங்கிருந்து சம்மேளனத்துக்கும் அனுப்புவோம். இதே வேலையைத் தேசமெங்கும் எத்தனையோ மாடி அறைகளில் எத்தனையோ பேர் செய்துகொண்டிருந்தார்கள். கோர்ட்டில் அடைபட்ட வழியைப் பாராளுமன்றத்தில் திறந்துகொள்வதென்று தீர்மானமாகியிருந்தது. தொழில் தகராறுச் சட்டத்தைத் திருத்தி எங்களையும் அதில் சேர்க்க வேண்டுமென்ற விண்ணப்பத்தை ஆராய்ந்த ராஜ்ய சபையின் மனுக்கள் கமிட்டி, 1972-ல் வெளியிட்ட அறிக்கையில் எங்கள் கட்சியில் நியாயம் இருப்பதாக ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமையன்று மாடியில் யாரும் பிரசங்கம் செய்யவில்லை. பெரியவர் மட்டும் கமிட்டியின் அபிப்பிராயத்தை எழுந்து நின்று படித்தார். கீழே கடைக்காரர் எல்லோருக்கும் காபி அனுப்பினார்.

சட்டம் வர மேலும் நான்கு வருஷங்கள் ஆயின. 1976-ஆம் ஆண்டின் 11-ஆவது சட்டமாக, விற்பனை மேம்பாட்டு ஊழியர் பணி நிலைமைகள் சட்டம் நிறைவேறி, அவ்வருஷம் மார்ச் 6-ஆம் தேதி அமலுக்கு வந்தது. நெருக்கடி நிலைமை அமலில் இருந்து, கூட்டம் போடுவதற்கே அஞ்சிய காலம் அது. ஆகவே வெற்றி விழா எதுவும் நடக்கவில்லை. மருந்துத் தொழிலுக்கு முதலில் பொருந்துவதாக அமைந்த அந்தச் சட்டம் சுருக்கமானதுதான். ஆனால் அதன் ஒவ்வொரு பிரிவும் எங்கள் பெஞ்சியில் பேசப்பட்ட ஒவ்வொரு குறைக்கும் பதிலாக இருந்தது. பணிபுரிந்த காலத்தில் பதினொன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சம்பளத்தோடு ஈட்டிய லீவு. மருத்துவச் சான்றின்மேல், சேவைக் காலத்தில் பதினெட்டில் ஒரு பங்குக்குக் குறையாமல் அரைச் சம்பளத்தோடு நோய் லீவு. ஊழியர் நஷ்டஈடு, தொழில் தகராறு, குறைந்தபட்ச ஊதியம், பிரசவ உதவி, போனஸ், கிராஜுவிட்டி ஆகியவை பற்றிய சட்டங்கள் அனைத்தும் எங்களுக்கும் பொருந்தும் என்ற விதி. அரியலூர் லாட்ஜில் ஜுரத்தோடு படுத்திருந்தவருக்கு இந்த ஒரே சட்டம் முன்பே இருந்திருந்தால் எத்தனை துன்பம் மிச்சமாகியிருக்கும் என்று அதைப் படித்த ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம்.

அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மூன்று மாதத்துக்குள் விதிக்கப்பட்ட படிவத்தில் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. அதுவரை எங்களில் பலரிடம் இருந்தது, எப்போது வேண்டுமானாலும் சேவையை முடித்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு வந்த ஒரு பக்கக் கடிதம் மட்டுமே. எனக்குப் புதிய கடிதம் வந்த தினத்தில் அதைப் பிரித்துப் படித்தேன். என் பெயர், என் பதவி, என் சம்பளம் எல்லாம் ஒவ்வொன்றாக அச்சிட்ட தலைப்புகளின் கீழே டைப் அடிக்கப்பட்டிருந்தன. அடியில் கம்பெனியின் கையெழுத்து. அதில் ஒரு வரியும் புதிய சம்பளத்தையோ புதிய பதவியையோ தரவில்லை. ஆயினும் நானும் ஓர் ஊழியன், எனக்கும் முறைப்படி ஒரு பணி உண்டு என்று தேசத்தின் சட்டம் ஏற்றுக்கொண்டதற்கு அந்தக் காகிதமே சாட்சி.

குறையும் இருந்தது. மாதச் சம்பளம் 750 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கும், கமிஷனையும் சேர்த்து வருஷத்தில் 9,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கும் மட்டுமே அந்தச் சட்டம் பாதுகாப்பளித்தது. விலைவாசி ஏற ஏறச் சம்பளமும் ஏறியது. ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்து ஒருவனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும் உபாயமும் சில இடங்களில் கையாளப்பட்டது. ஆகவே சம்பள வரம்பை எடுத்துவிட வேண்டுமென்ற கோரிக்கை உடனே எழுந்தது. 1986-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் 1987 மே 6-ஆம் தேதி அமலுக்கு வந்ததும், அந்த வரம்பு நீங்கி, மேற்பார்வையிலும் நிர்வாகத்திலும் இருப்போரில் விலக்கப்பட்டவர்கள் போக ஏனைய விற்பனை ஊழியர் எல்லோரும் பாதுகாப்பின்கீழ் வந்தார்கள். 1994-ல் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு, ஆத்யந்தாயா வழக்கில் இந்த விஷயத்தை முழுமையாக ஆராய்ந்தது. மருந்துப் பிரதிநிதி தொழில் தகராறுச் சட்டத்தின் சொந்த விளக்கத்தின்படி தொழிலாளி ஆக மாட்டான் என்றும், 1976-ன் சட்டம் அளித்த வழியினாலேயே, அதன் திருத்தங்கள் குறித்த தேதிகளிலிருந்து, அந்த உரிமையைப் பெறுகிறான் என்றும் அது தீர்ப்பளித்தது. அந்தத் தனிச் சட்டத்துக்காகச் சம்மேளனம் ஏன் அத்தனை வருஷம் பாடுபட்டது என்பதை, ஐயம் வைத்திருந்தவர்களும் அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள்.

சட்டம் இருப்பது ஒன்று. அதை நடத்தி வைப்பது வேறொன்று. எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் கிளையின் காரியதரிசிப் பொறுப்பை ஏற்றிருந்த ஒரு பிரதிநிதியை, அந்தப் பொறுப்பேற்ற இரண்டே மாதத்தில், அவருடைய கம்பெனி வடகிழக்கு மூலைக்கு மாற்றியது. அவருக்கு ஹிந்தியும் தெரியாது. தாயார் படுக்கையில் இருந்தார். இந்த முறை சமரச அதிகாரி எந்த செக்ஷன் என்று கேட்கவில்லை. நோட்டீஸ் போயிற்று, கம்பெனியின் அதிகாரி ஒருவர் விமானத்தில் வந்து, எங்கள் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மாற்றலுக்குக் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு அமர்வுகளுக்குப் பிறகு அந்த உத்தரவு வாபஸாயிற்று. எதிர்த்தரப்பு நம் முன்னே வந்து உட்கார்ந்து பதில் சொல்வதே தனியொருவனுக்குப் பெரிய கௌரவம். அரியலூர் ஜுரக்காரருக்குக் கிடைக்காத அந்த நாற்காலியும் மேஜையும் இவருக்குக் கிடைத்தன.

சங்கத்தின் காரியம் சம்பளத்தோடும் லீவோடும் நின்றுவிட்டதாக யாரும் எண்ணக் கூடாது. மருந்தை விற்பவர்களாகிய எங்களுக்குத்தான் மருந்தின் விலையும் அதன் மர்மமும் நன்றாகத் தெரியும். ஜெயசுக்லால் ஹாதி தலைமையில் 1974-ல் அமைந்த கமிட்டி, அடுத்த ஆண்டு கொடுத்த அறிக்கையில், நாட்டுக்கு அத்தியாவசியமான மருந்துகள் என்று 117-ஐ வரிசைப்படுத்தி, வியாபாரப் பெயர்களைப் படிப்படியாக ஒழித்து மூலப் பெயரால் மருந்தை வழங்க வேண்டுமென்று சொன்னது. அந்தப் பட்டியல் எங்கள் மாடி அறையில் பல ஞாயிற்றுக்கிழமைகள் விவாதத்துக்கு வந்தது. வியாபாரப் பெயரைப் பரப்புவதே எங்கள் பிழைப்பு. ஆயினும் ஜனங்களின் வைத்தியச் செலவைக் குறைக்கும் யோசனையைச் சங்கம் ஆதரிக்க வேண்டுமென்று பெரும்பான்மையோர் கருதினார்கள். 1979-ன் விலைக் கட்டுப்பாட்டு உத்தரவில் 347 மூல மருந்துகள் அடங்கியிருந்தன. 1987-ல் அது 142 ஆயிற்று. 1995-ல் 74 ஆகச் சுருங்கியது. ஒவ்வொரு தடவை பட்டியல் சுருங்கும்போதும், ஆஸ்பத்திரி வாசலில் ஏழைகள் கையிலுள்ள சீட்டைப் பார்த்து மெடிக்கல் ஷாப்பில் விலை கேட்டுவிட்டுத் திரும்பிப் போவதைத் தினமும் கண்ட நாங்கள், மருந்து விலையைக் குறைக்கக் கோரித் துண்டுப் பிரசுரம் அச்சிட்டு, டாக்டர்களின் வாசலிலேயே நின்று கொடுத்தோம். எங்களை அத்தனை வருஷம் பொறுத்துக்கொண்ட டாக்டர்களில் பலர் அதை வாங்கிப் படித்து, இரண்டு மூன்று பிரதிகள் கூடுதலாகக் கேட்டுவாங்கி மேஜையில் வைத்தார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. டாக்டர் மருந்தைத் தேர்ந்தெடுப்பது மருந்தின் குணத்தைப் பார்த்தா, அதை எழுதுவதால் வரும் வெகுமதியைப் பார்த்தா என்ற கேள்வி, வெகுமதியைச் சுமந்துபோகும்படி பணிக்கப்பட்டவனுக்குத்தான் முதலில் உறுத்தும். பேனாவும் காலண்டரும் கொடுத்த காலம் போய், விலையுயர்ந்த பரிசுகளும் பிரயாணங்களும் வந்தபோது, மருந்தைப் பற்றிப் பேசத் தெரிந்தவனுக்கு மதிப்புக் குறைந்து, கைநிறையக் கொண்டுபோகிறவனுக்கு மதிப்பு ஏறியது. விற்பனை முறைகளுக்கு அரசாங்கம் வகுத்த நெறிமுறை கம்பெனிகளின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருப்பது போதாது, அதற்குச் சட்ட பலம் வேண்டும் என்று கேட்டு உச்ச நீதிமன்றத்தின் வாசலுக்குப் போனதும் எங்கள் சம்மேளனமே. விற்பவர்களின் சங்கம் விற்பனையை நெறிப்படுத்தச் சொல்லி வழக்காடியதை நான் எங்கள் சரித்திரத்தில் மிக உயர்ந்த காரியங்களில் ஒன்றாகக் கருதுகிறேன்.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2011-ஆம் ஆண்டில் வெளியான அறிவிப்பு, அழகுசாதனப் பொருள், சோப்பு, ஆயத்த ஆடை, குளிர்பானம், பிஸ்கட், வர்ணப்பூச்சு, மின்சாதனம், வாகனம் முதலிய பத்துத் தொழில்களின் விற்பனை ஊழியர்களுக்கும் 1976-ன் சட்டத்தை விரிவாக்கியது. மருந்துப் பையோடு தொடங்கிய உரிமை பிறருடைய பைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 2020-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்தத் தனிச் சட்டம் கரைந்துபோயிற்று. தொழில் உறவுத் தொகுப்பில் தொழிலாளர் என்பதன் விளக்கத்துக்குள் விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் தங்களுக்கென இருந்த தனிச் சட்டம் மீண்டும் வேண்டும் என்று சங்கத்தார் வாதாடி வருகிறார்கள். அரைச் சம்பள நோய் லீவுக்காக வருஷக்கணக்கில் காகிதம் சேர்த்தவன் என்ற முறையில் நானும் அந்தக் கோரிக்கையின் பக்கமே நிற்கிறேன்.

இப்போதைய இளைஞர்கள் கார்பன் தாளையும் ஆர்.எம்.எஸ். பெட்டியையும் அறியமாட்டார்கள். லிட்டரேச்சரின் இடத்தில் டேப்லெட் வந்துவிட்டது. ரிப்போர்ட்டை செல்போன் ஆப் உடனுக்குடன் வாங்கிக்கொள்கிறது. எந்தத் தெருவில் எத்தனை நிமிஷம் நின்றான் என்பதையும் ஜி.பி.எஸ். கம்பெனிக்குச் சொல்லிவிடுகிறது. ஊர்விட்டு ஊர் போய்த் தனியே அலைகிற தன்மை மட்டும் மாறவில்லை. தனிமை முன்னைவிட அதிகமாகிவிட்டது என்றே சொல்லவேண்டும். கிளினிக் பெஞ்சியிலும் இப்போது ஒவ்வொருவனும் தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவர்களில் சிலர் என்னைத் தேடி வந்து, சங்கத்தினால் எங்களுக்கு என்ன லாபம் சார் என்று கேட்கும்போது, நான் அவர்களிடம் சொல்வது இதுதான்: ஆலைத் தொழிலாளியைக் காக்க அவனைச் சுற்றி ஆயிரம் கண்கள் இருக்கின்றன, உங்களுக்கு அநியாயம் நேர்ந்தால் அதைப் பார்க்க லாட்ஜ் அறையின் சுவர்களைத் தவிர யாருமில்லை. ஆகவே, எவன் தனியாக வேலை செய்கிறானோ அவனுக்கே சங்கம் மற்றெல்லோரையும்விட அவசியம். உங்கள் லீவும், நியமனக் கடிதமும், உங்கள்முன் கம்பெனி அதிகாரி வந்து பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் தாமாக வந்தவை அல்ல. போட்டிக் கம்பெனிகளின் சரக்கைச் சுமந்தவர்கள், போட்டியைக் கதவுக்கு உள்ளேயே விட்டுவிட்டு, வெளியே ஒன்றுபட்டதனால் வந்தவை. அந்த ஒற்றுமையை நீங்களும் காப்பாற்றுங்கள். பிற்காலத்தில் உங்கள் தொழிலுக்கு வருபவர்களுக்கு நீங்கள் விட்டுச்செல்லக்கூடிய ஆஸ்தி அதைவிடப் பெரிதாக வேறொன்றும் இல்லை.